லீவு நாளில் அடித்த பெல்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் குடியிருந்த வீட்டின் ஓனர் அக்காவை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவள் மாமனாரின் நெல் வயலாம். இப்போது அதில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். கீழே அவளும் புருஷனும், மேலே நான். நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி.

டூட்டி நாட்களில் பகலில் அவள் என்னை எழுப்பியதில்லை, பொய் சொல்லக் கூடாது. மாடிப்படியில் பிள்ளைகள் ஓடினால், "மேல பொண்ணு தூங்குது, கம்முனு இருங்கடா" என்று அதட்டுவாள். சனியன் பிடித்ததெல்லாம் லீவு நாளில்தான். லீவு என்றால் தூக்கமும் வேண்டாம் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ! மாதம் பிறந்ததும் என் லீவு தேதிகளைக் கேட்டு, காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவாள். சிலிண்டர்காரர், கூரியர், மோட்டார் ரிப்பேர்காரர், நாலு வீட்டுக்கும் யார் வந்தாலும் அந்த வட்டத்தன்று என் கதவுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் அவளே வந்து பெல்லை அழுத்துவாள்.

"இன்னாம்மா, இன்னுமா தூங்குற? லீவுதானே, சும்மாதானே கீற? ஒரு கையெழுத்து போட்டு வாங்கி வெச்சிடு."

சும்மாவாம்! நைட் பார்த்துப் பழகிய உடம்பு, லீவு அன்றைக்கும் விடிகாலை நாலு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும். நாலிலிருந்து நண்பகல் வரை தூங்கினால்தான் மறுநாள் ராத்திரிக்கு நான் மனுஷி. அது கெட்டால் மறுநாள் பகலில் படுத்தாலும் கண் மூடாது. ஜன்னலில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். காதில் பஞ்சு வைத்தேன். பெல்லின் ஒயரைக் கழற்றினேன். கதவைத் தட்டினாள்.

அப்படித் தூங்காமல் போன ஒரு ராத்திரி, நாலாம் பெட்டுக்குப் போட வேண்டிய இன்சுலினை ஐந்தாம் பெட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். "சிஸ்டர், எனக்கு சுகரே கிடையாதே" என்றார் அந்தப் பெரியவர். ஊசி இன்னும் போடாமல் என் கையில் இருந்தது. பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"அய்ய, ஒரு நிமிசம் எழுந்து படுக்கறதுல இன்னா கொறஞ்சி போவப் போவுது?" என்றாள். அடுத்த லீவு அன்று ஆறு தடவை கதவைத் தட்டினாள்.

மறுநாள் மாலை டூட்டிக்குப் போனால், என் வார்டில் அவள் புருஷன் படுத்திருந்தார். மத்தியானம் நெஞ்சுவலி வந்ததாம். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத் தூங்கிட்டுத்தானே வந்த? நைட்ல கண்ணு அசந்துடாதம்மா, உன்ன நம்பித்தான் கீறேன்."

"எப்படிக்கா தூங்கறது? நேத்து வட்டம் போட்ட நாளாச்சே."

அவள் கை தானாக விலகியது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை, திருப்தியாக இருந்தது. ஆனால் பயந்தது நான்தான். ஒவ்வொரு ஊசியையும் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் போட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

விடிகாலைக்குள் அவருக்கு வலி அடங்கி, ஈசிஜியும் தேறியது. வராந்தா நாற்காலியில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இரண்டு நாள் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். என்னிடம் ஒரு ஃபாரம் இருந்தது. எட்டு மணிக்கு வாங்கினாலும் போதும். மணி ஐந்தரை.

தோளைப் பிடித்து உலுக்கினேன். பதறி எழுந்தாள். "ஐயோ, இன்னாச்சும்மா அவருக்கு?"

"அவர் நல்லா இருக்கார். சும்மாதானே உக்காந்திருக்கீங்க? ஒரு கையெழுத்து போடுங்கக்கா."