மண் மிருகத்துக்குக் கிடைத்த லோயர் பெர்த்

டூர் நடத்துகிற தொழிலில் தாஜ்மகால் தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். லோயர் பெர்த்தைப் பிரித்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய் ஜன்னல் சீட்டுப் பஞ்சாயத்தில் மாட்டியவர்கள் எல்லாரும் என் இனம். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

மஸ்கட்டில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு, ஐம்பது எட்டிப் பார்க்கிற வயதில் ராஜபாளையம் திரும்பி, வடநாட்டு டூர் என்று போர்டு மாட்டினேன். எனக்கு அப்பா ஊர் ராஜபாளையம், அம்மா ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊரிலும் ஆள் சேர்க்க வசதி என்று கணக்குப் போட்டேன். இரண்டு ஊரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை, என் அப்பாவும் அம்மாவும் குடும்பம் நடத்திய அழகைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சென்ட்ரி டூட்டி

மதுரையில் ரயில் ஏறியதுமே முதல் பஞ்சாயத்து. மொத்தமாக டிக்கெட் போடும்போது பெர்த்தைக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கும். அது யார் முழங்காலையும் தொட்டுப் பார்ப்பதில்லை. ராஜபாளையத்துப் பக்கம் செட்டியார்பட்டி வேலுச்சாமி அண்ணாச்சிக்குப் போக வர இரண்டு டிக்கெட்டிலும் அப்பர் பெர்த் விழுந்தது. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லாருக்கும் அவர் சுபேதார்தான். அவருக்கு நேர் கீழே லோயர் பெர்த்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேச்சியம்மாள் அக்கா. பால்கோவாக் கடை வைத்திருக்கிறவர். கடைப் பரணில் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு என்பதால், மேலே வைத்த பெட்டியை யாரிடமும் கேட்காமல் அணில் மாதிரி ஏறித் தானே எடுத்துக்கொள்வார்.

சுபேதார் ஏறவில்லை. கம்பியைப் பிடிப்பார், ஒரு காலைத் தூக்கி வைப்பார், உடனே ஏதோ ஞாபகம் வந்தவர் போல இறங்கிவிடுவார். கடைசியில் கதவோரமாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தே தூங்கினார். முழங்கால்தான் என்று எனக்குத் தெரிந்தது. பேச்சியம்மாள் அக்காவிடம் சொல்லி மாற்றித் தரட்டுமா என்று தணிவாகத்தான் கேட்டேன். கம்பார்ட்மெண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி பதில் வந்தது. "நான் சென்ட்ரி டூட்டி பாக்கேன் தம்பி. பொம்பள இடத்தைப் பிடுங்கிப் படுக்கவா பட்டாளத்துல சோறு போட்டாக?"

கோபுரமும் நாயும்

தில்லியில் என் திட்டப்படி அரை நாள் தேசிய வரலாற்று மியூசியம். அதை எடுத்துவிட்டு சேலைக் கடைக்குப் போகலாம் என்று பஸ்ஸில் பாதிப் பேர் மனுக் கொடுத்தார்கள். மியூசியத்தில் தமிழ்நாட்டுச் சாமான்களும் இருக்கின்றன என்று ஆசை காட்டினேன். வினை அங்கே ஆரம்பித்தது. தமிழ்நாடு அரசு முத்திரையில் நிற்பதே எங்கள் ஊர்க் கோபுரம்தான், அதனால் தேசிய மியூசியம் என்றாலே எங்கள் ஊர் இல்லாமல் இருக்காது என்றார் பேச்சியம்மாள் அக்கா. ராஜபாளையத்துக்காரர்கள் எங்களிடம் மில் இருக்கிறது, நாய் இருக்கிறது என்றார்கள். மில்லையும் நாயையும் எந்த மியூசியத்தில் வைப்பார்கள் என்று பின் சீட்டு முழுக்கச் சிரிப்பு.

எங்கள் ஊர் ஜவுளிக்கடை ரஹ்மத் பாய்க்கு வம்பு என்றால் பிரியாணி மாதிரி. எழுந்து நின்று பந்தயம் அறிவித்தார். மியூசியத்துக்குள் ராஜபாளையத்துப் பொருள் ஒன்றே ஒன்று இருந்தாலும், திரும்பும்போது பேச்சியம்மாள் அக்காவின் லோயர் பெர்த் சுபேதாருக்கு. இல்லாவிட்டால், சுபேதார் பஸ் மைக்கைப் பிடித்து 'ஸ்ரீவில்லிபுத்தூர்தான் ஊரு, ராஜபாளையம் அதுக்குப் போற வழி' என்று சொல்ல வேண்டும். இரண்டு ஊருக்கும் பிறந்தவன் என்பதால் நான் நடுவர்.

சுபேதார் பந்தயத்தைப் பிடித்துக்கொண்ட வேகத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கொடுத்தால் வாங்க மாட்டார், ஜெயித்தால் வாங்கிக்கொள்வார். திரும்புகிற பயணம் முழுக்க அவர் கால் நீட்டிப் படுப்பதும் படுக்காததும் இப்போது ஒரு மியூசியத்தின் கையில் இருந்தது. பேச்சியம்மாள் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார். "மைக்கில பேசும்போது தெளிவாப் பேசணும் அண்ணாச்சி, கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்."

பால்கோவாவுக்கு எக்ஸ்ரே

மியூசியம் வாசலில் பைகளை எல்லாம் ஒரு மெஷினுக்குள் விட்டார்கள். பேச்சியம்மாள் அக்காவின் தூக்குவாளி உள்ளே போனதும் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் போலீஸ் பெல்ட்டை நிறுத்திவிட்டார். கெட்டியாக, வட்டமாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஊடுருவ முடியாத ஏதோ ஒன்று திரையில் தெரிந்ததாம். வாளியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் வாசனையைப் பிடித்து நாலைந்து காக்கிச் சட்டைகள் கூடிவிட்டன.

உள்ளே தின்பண்டம் அனுமதி இல்லை, இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பதை சுபேதார் தன் பட்டாளத்து இந்தியில் வாங்கித் தமிழில் கொடுத்தார். அவர் இந்தியில் எல்லாமே உத்தரவாகத்தான் வரும். 'நன்றி' என்று அவர் சொன்னபோதுகூட ஒரு காவலர் விறைத்து நின்றார். வாளியை வைத்துவிட்டுப் போனால் திரும்பும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று அக்கா ஒரு நொடி யோசித்தார். பிறகு வாளி மூடியிலேயே ஆளுக்கு ஒரு உருண்டை வைத்து நீட்டினார். பெண் போலீஸ் சாப்பிட்டுவிட்டு, மெஷினைப் பார்த்து, வாளியைப் பார்த்து, சுபேதாரிடம் ஏதோ சொன்னார். அவர் மொழிபெயர்த்தார். "இது ஆபத்தான பொருள்தான், இன்னொண்ணு குடுங்கன்னு சொல்லுதா."

அம்பு இடஞ்சுற்று, நாங்கள் வலஞ்சுற்று

அந்த மியூசியம் வட்டமான கட்டடம். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். தரையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த அம்பு எங்களை இடஞ்சுற்றாக வரச் சொன்னது. முதல் அறையின் வாசலில் என் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே சாமிகள் இருப்பது தெரிந்த பிறகு அப்பிரதட்சணமாக யார் சுற்றுவது?

நான் இது மியூசியம், கோயில் இல்லை, அம்பு என்பது போக்குவரத்து வசதிக்கு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். இங்கிலீஷ் மீடியம் புத்தி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். ஊர்வலம் வலஞ்சுற்றாகக் கிளம்பியது. எதிரே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அம்பை மதித்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தேர் வடம் பிடிக்கப் போகிறவர்களைப் போல எங்கள் ஆட்கள் முன்னேற, பிள்ளைகள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவர்களுடைய டீச்சர் என்னைப் பார்த்த பார்வைக்கு மஸ்கட்டிலேயே இருந்திருக்கலாம். இப்படிப் போனால் வரலாறு பின்னாலிருந்து முன்னால் ஓடும், முதலில் சுதந்திரம் வாங்கிவிட்டு அப்புறம்தான் கற்காலத்துக்குப் போவோம் என்று கடைசி அஸ்திரத்தை விட்டேன். ரஹ்மத் பாய் என் தோளைத் தட்டினார். "நம்ம ஊர்ல மழை பெஞ்சா ரோடு அப்படித்தான போவுது, வாங்க மாப்ள."

செருப்பு

வெண்கலச் சிலைகளின் அறை. நடராசர், பார்வதி, கோபியரோடு கிருஷ்ணன். வாசலில் என் கூட்டம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனது. நானும் கழற்றினேன், கழற்றாமல் நின்றால் ஊருக்குள் குடியிருக்க முடியாது. பாயும் கழற்றினார், இத்தனை பேர் கழற்றும்போது நான் மட்டும் எதற்கு வித்தியாசமாக என்று. ஒருவர் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் திருநீறு எங்கே என்று என்னிடமே கேட்டார்.

அறையின் காவலர் ஓடி வந்தார். வாசலில் மலை மாதிரி செருப்பு குவிந்தால் அவரும் என்னதான் செய்வார்? சுபேதார் அவரிடம் பேசி, அவரும் பழைய பட்டாளத்துக்காரர் என்று கண்டுபிடித்து, இரண்டு பேரும் ரெஜிமெண்ட் விசாரித்துக் கை கொடுத்து முடிக்கிற வரை நான் செருப்புகளுக்குக் காவல். கடைசியில் காவலர் பணிவாகத்தான் சொன்னார்: இது மியூசியம், கோயில் இல்லை. மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்ததும் பேச்சியம்மாள் அக்கா நடராசரையும் காவலரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி உள்ளதான நிக்கி? பொறவு என்ன கோயில் இல்ல?"

முழுச் சுற்று

வணங்கிய வேகத்தில் அறையின் மறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டோம். செருப்பு நாங்கள் நுழைந்த வாசலில் கிடந்தது. நாலு எட்டு திரும்பி நடந்தால் எடுத்துவிடலாம். பேச்சியம்மாள் அக்கா கையை நீட்டி மறித்துவிட்டார். பிரதட்சணத்தைப் பாதியில் முறித்துத் திரும்பக் கூடாது. வட்டத்தை முடித்துத்தான் வர வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆக, நாலு எட்டில் இருந்த செருப்புக்காக, கட்டடம் முழுவதையும் வெறுங்காலோடு சுற்றக் கிளம்பினோம்.

வழியில் எங்கள் ராஜபாளையத்து ஆட்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஊரைத் தேடினார்கள். ஒரு கத்தியைக் காட்டி, எங்கள் தெருக் கொல்லர் செய்தது மாதிரியே இருக்கிறது என்று ஒருவர் வாதாடினார். நடுவராகிய நான் தள்ளுபடி செய்தேன். சலவைக்கல் தரை பனிக்கட்டியாக இருந்தது. சுபேதார் பின்தங்கிக்கொண்டே வந்தார். மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே நடந்தார்கள். கற்காலத்துச் சட்டிபானைகளைத் தாண்டும்போது ரஹ்மத் பாய் என் காதில் சொன்னார். "மாப்ள, நம்ம ஊரு இனி கொரங்குக்கு முந்தி இருந்தாத்தான் உண்டு."

மூக்கில்லாத மிருகம்

திரும்பிப் பார்த்தால் சுபேதாரைக் காணோம். பேச்சியம்மாள் அக்காவும் நானும் தேடிப் போனோம். ஒரு மூலையில், யாருமே நிற்காத ஒரு பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உன்னிப்பாகப் பார்ப்பதுபோல நின்றிருந்தார். ஒரு கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. எங்களைப் பார்த்ததும் விறைத்து நிமிர்ந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டதும், முதல்முறையாகப் பெட்டிக்குள் பார்த்தார். உள்ளே கையளவு சுடுமண் உருவம். மூக்கு உடைந்திருந்தது, வால் போயிருந்தது. எழுதி வைத்தவர்களே துணியாமல் 'மிருகம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். சுபேதார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராஜபாளையத்து நாய் என்றார்.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஆடு என்றார்கள், பன்றி என்றார்கள், கன்றுக்குட்டி என்றார்கள். செம்மண் நிறத்தில் இருக்கிறதே, எங்கள் நாய் பால் வெள்ளை ஆயிற்றே என்று ராஜபாளையத்துக்காரர் ஒருவரே எதிர்க்கட்சிக்குப் போனார். ரோஸ் மூக்கைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் மூக்கே இல்லை. எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள். எனக்கு அது ஆடாகத்தான் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன்.

பேச்சியம்மாள் அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி ஆராய்ந்தார். மிருகத்தின் முகம் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தது. நிமிர்ந்து என்னிடம் சொன்னார், கடைசி ஆள் வரை கேட்கிற மாதிரி. "இம்புட்டுப் பேரு நிக்கோம், ஒருத்தரையாவது ஏறிட்டுப் பாக்கா பாருங்க. வேத்தாளக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுத நாயி எந்த ஊர்ல இருக்கு? அவிய ஊரு நாயிதான். தீர்ப்பைச் சொல்லுங்க தம்பி."

திரும்பும் ரயில்

ராஜபாளையம் ஜெயித்தது. வட்டத்தை முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியதும் விசில் பறந்தது. சேலைக் கடையை எல்லாருமே மறந்துவிட்டார்கள். காவலரிடம் போய் அந்தப் பெட்டியில் ஊர்ப் பெயரை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியதை நான்தான் தடுத்தேன்.

ரயில் புறப்பட்டு, சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிந்து முடிந்ததும், பேச்சியம்மாள் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு சரசரவென்று அப்பர் பெர்த்துக்கு ஏறிவிட்டார். சுபேதார் லோயர் பெர்த்தில் போர்வையை விரித்து, மூலைகளைப் பட்டாளத்து மடிப்பில் மடித்து, மெல்லக் காலை நீட்டினார். நீட்டியதும் அவரிடமிருந்து வந்த பெருமூச்சை எதிரே மிடில் பெர்த்தில் இருந்த நானும் கேட்டேன். பிறகு கீழேயிருந்து மெதுவான குரல். "பேச்சியம்மா, அது ஆடுதான்னு எனக்கும் தெரியும்."

மேலேயிருந்து உடனே பதில் இறங்கியது. "தெரியும்லா? சத்தங்காட்டாமப் படுங்க அண்ணாச்சி, நாய் முழிச்சிக்கிடப் போவுது."

அந்த மிருகம் இன்னதென்று நிபுணர்கள் என்றைக்காவது முடிவுகட்டினால், பெர்த் பிரித்துக் கொடுத்துப் பிழைக்கிற என் போன்றவர்களை உத்தேசித்து, அந்தச் சேதி மட்டும் மதுரைக்குத் தெற்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.