சுவரேறிக் குதித்த ஹெப்ரான்

ஏரல் ஹெப்ரானுக்கு ஏழு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்தாலும் பயம் கிடையாது. ஊசி என்றால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

கபடியில் அவன் ரைடர். எதிராளி எல்லைக்குள் பாடிப் போனால் யாரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். இருபத்துமூன்று வயதில், டிவியில் காட்டுகிற பெரிய லீக் அணி ஒன்றின் கண் அவன் மேல் விழுந்தது. பாளையங்கோட்டையில் நடக்கப்போகும் அகில இந்தியப் போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஊரில் உடனே பிளெக்ஸ் வைத்தார்கள். பிளெக்ஸில் இருந்தவன் ஹெப்ரானைவிட நல்ல நிறம். அந்த வாரமே பயிற்சியில் முட்டி திருகிக்கொண்டது.

ஆறு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். போட்டிக்கு இருந்ததோ ஆறு வாரம். நொண்டுகிறான் என்று தெரிந்தால் லீக்காரர்கள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்த பெயர் நடராஜ். பத்தொன்பது வயது, முட்டி இரண்டும் புத்தம்புதுசு. ஜிம்மில் ஒருத்தர், எல்லாரும் போடுகிறதுதான் தம்பி என்று சொல்லி ஒரு மருந்துக் குப்பியைக் கையில் வைத்தார். அந்த ‘எல்லாரும்’ ஹெப்ரானுக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

குப்பியை ஆரிப்பிடம் கொண்டுபோனான். பள்ளிக்கூடக் கூட்டாளி, மருந்துக்கடையில் வேலை. ஆரிப் திட்டினான், ஹராம் என்றான், இப்படிப் போட்டுச் சிறுநீரகம் போன பயில்வான் ஒருவரின் கதையைச் சொன்னான். “நீ போடலன்னா நான் வேற ஆளப் பாக்கேன்” என்று ஹெப்ரான் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் ஊசியோடு வந்தான். வாரம் ஒன்று. ஹெப்ரான் ஒவ்வொரு முறையும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வலி பைய விட்டது. போட்டியில் பேய் மாதிரி ஆடினான். அரையிறுதி முடிந்து மூச்சு வாங்க நின்றவனிடம், கழுத்தில் அட்டை தொங்க ஒருத்தர் வந்து, ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் தர வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். ஹெப்ரானும் மரியாதையாகத் தலையாட்டினான். செருப்பை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் பின்சுவரேறிக் குதித்து, வெறுங்காலோடு ஏரல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

நேரே மருந்துக்கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். ஆரிப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏன்லே ஓடுன? அதுல ஒண்ணும் கிடையாதுலே. வெறும் உப்புத் தண்ணி. உன் மருந்த அன்னைக்கே சாக்கடைல ஊத்திட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“வலி போயிட்டுன்னு சிரிச்ச. சொன்னா வலி திரும்ப வந்துருமேன்னு இருந்துட்டேன்.”

இருவரும் பைக்கில் பாளையங்கோட்டைக்குப் பறந்தார்கள். சோதனை அறை பூட்டிக் கிடந்தது. மருந்து போட்டவனுக்கும் ஓடிப்போனவனுக்கும் தண்டனை ஒன்றுதான். நான்கு வருஷம் ஆடக் கூடாது. விசாரணையில் நான் வந்து சொல்கிறேன் என்று ஆரிப் துடித்தான். வக்கீல் தடுத்துவிட்டார். தண்ணீர் என்று சொன்னால், மருந்து என்று நம்பி இடுப்பைக் காட்டியதையும் சொல்ல வேண்டும், அதுவும் குற்றமாம். உடம்பில் ஒரு சொட்டு மருந்தில்லாமல் தடை வாங்கியவன் ஏரலில் ஹெப்ரான் ஒருத்தன்தான். ஏரலில் வேறு யாரும் தடையே வாங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது வாழைத்தார் லாரி ஓட்டுகிறான். கிளட்சை மிதிக்கும்போது முட்டி வலிக்கிறது. சாயங்காலம் மருந்துக்கடைக்கு வந்து உட்காருவான். லீக்கில் நடராஜ் ஆடுகிற ஆட்டத்தை ஆரிப்பின் செல்போனில் இரண்டு பேரும் பார்ப்பார்கள். அப்படி ஒருநாள் ஆரிப் கேட்டேவிட்டான்.

“மொதல்லயே சொல்லியிருந்தா இன்னைக்கு நீ அங்கன ஆடிக்கிட்டு இருப்ப. என்னாலதானலே எல்லாம்?”

ஆமா என்று சொல்லியிருந்தால் ஹெப்ரானின் பாரம் பாதி இறங்கியிருக்கும். ஆரிப்பும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான்.

“இல்லலே” என்றான் ஹெப்ரான். “சொல்லியிருந்தா உன்ன நாலு மிதி மிதிச்சிட்டு வேற கடைக்குப் போயிருப்பேன்.”

அதற்குப் பிறகு இருவரும் ஆட்டத்தைக் கவனிக்கவில்லை. அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.