சுகமில்லை என்ற ஒரு சொல்

பந்தலூருக்கு வந்து இத்தனை வருடமான பிறகும் என் நாக்கு சில சொற்களை விடுவதாயில்லை. இலங்கையில், நான் பிறந்த தோட்டத்தில், காய்ச்சலோ தலைவலியோ எது வந்தாலும் "சுகமில்லை" என்போம். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுச் சரசுவிடம் அப்படிச் சொன்னேன். அவிநாசிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். "ஏனுங்க்கா, இந்த எஸ்டேட்டுல ஆருக்குங்க சுகம்?" என்று சிரித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது காய்ச்சலை அல்ல.

என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மகள் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காலையில் எழுவதற்குக் காரணம் இல்லாமல் போனது. பிறகு எழவே முடியாமல் போனது. தலை வாரவில்லை. சோறு மண்போல இருந்தது. நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்ற எண்ணம் வந்து, போகாமல் உட்கார்ந்துகொண்டது.

ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பி, தலைமன்னாரில் கப்பலேறியபோது நான் சின்னப் பெண். தங்கையை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். "அங்கேயும் இதே தேயிலதான், அழாத" என்றார் அப்பா. தேயிலை அதேதான். ஆனால் அங்கே லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் அழுதால் அடுத்த வீட்டில் கேட்கும். யாராவது வந்து வாசலில் நிற்பார்கள். இங்கே எனக்குத் தனி வீடு. சுவரும் நல்ல கனம்.

தற்கொலை எண்ணம் வந்தால் அழைக்கச் சொல்லித் தொலைக்காட்சியில் ஓர் எண் ஓடும். ஒரு முற்பகலில், எல்லோரும் வேலைக்குப் போயிருந்தபோது, அதை அழுத்தினேன். எங்கள் பகுதியில் கைப்பேசி சில நேரம் கேரளத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்; அழைப்பும் அங்கே போய்விடும். மறுமுனையில் ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள். தவறான இடம் என்று வைத்துவிடப் பார்த்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"எந்தா அம்மே? சுகமில்லே?" என்றாள்.

அந்தச் சொல்லை அதே பொருளில் என்னிடம் யாரும் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"ஓமம்மா, சுகமில்ல."

"கரஞ்ஞோ அம்மே. ஞான் இவிடெ உண்டு." அழுங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்றாள். அழுது ஓய்ந்த பிறகு மெதுவாக, ஒளிக்காமல் கேட்டாள்: "மரிக்கணம் என்னு தோணுந்நுண்டோ?" அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆமாம் என்றேன். அவள் பதறவில்லை. தமிழ் பேசுகிறவரிடம் இணைக்கட்டுமா என்றாள்.

"வேணாம், நீங்களே இருங்க" என்றேன். நான் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்குமா தெரியாது. ஆனால் புரியாத இடத்தில் திருப்பிக் கேட்டாள். அப்படிக் கேட்டதே போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றாள். சரசு பெயரைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீடு திரும்பும்வரை அந்தப் பெண் போனை வைக்கவில்லை. சரசுவின் குரல் கேட்டதும் கதவைத் திறந்து போனை அவளிடம் நீட்டினேன்.

கேட்கக் கேட்கச் சரசுவின் முகம் மாறியது. வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு இதத்தான் சொன்னீங்களா? எனக்குப் புரியலீங்களே" என்று என் தலையைத் தடவினாள். அன்றிரவு என் வீட்டிலேயே படுத்தாள். காலையில் லீவு சொல்லிவிட்டு என்னைக் கூடலூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். மருத்துவர் மாத்திரை கொடுத்து, இதுவும் ஒரு நோய்தான், ஆறும், ஆனால் மெதுவாகத்தான் ஆறும் என்றார். மெதுவாகத்தான் ஆறிக்கொண்டிருக்கிறது. சில நாள் இன்னும் கனக்கிறது. அப்போது சரசுவைக் கூப்பிடுகிறேன்.

அன்று மருத்துவமனையிலிருந்து பேருந்தில் திரும்பி வரும்போது நடத்துநர் எங்கே இறங்கணும் என்று கேட்டார். என் வாயில் வந்தது இலங்கைத் தோட்டத்தின் பெயர்.

"அப்படி ஒரு ஸ்டாப்பு இல்லீங்கம்மா" என்றார்.

"ரெண்டு பந்தலூர் குடுங்க. நம்ம ஊட்டுக்குப் போலாங்க்கா" என்றாள் சரசு.

நான் சன்னலோரம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். வெளியே மழையில் தேயிலை வந்துகொண்டே இருந்தது, எந்த நாட்டுத் தேயிலை என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி.