மலர்க்கொடி கொடுத்த மஞ்சள் கடுதாசி

வியாசர்பாடி மலர்க்கொடி திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். அங்கே அந்த வண்டியில் ஏறிய முதல் பெண் அவள்தான்.

கணவன் வல்லரசுக்குச் சிறுநீரகம் பழுதானபோது ஒரு நிதி நிறுவனத்தில் நான்கு லட்சம் வாங்கினாள். அடகு வைக்க எதுவும் இல்லை. கடன் தீரும்வரை மாதாமாதம் பாதிச் சம்பளத்தை யார்டு ஆபீசே நேராக நிறுவனத்துக்குக் கட்டிவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறே மாதத்தில் வல்லரசு போய்விட்டான்.

இரண்டு வருடம் பிடித்தும் வட்டிதான் கழிந்தது. ஆஸ்பத்திரி பாக்கி, மகளிர் குழுக் கடன் வேறு. கைக்கு வந்த பன்னிரண்டாயிரத்தில் வாடகை போனால், மகள் சங்கமித்ராவின் காலேஜ் ஃபீசுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ராயபுரத்து வக்கீல் ரஹீமுன்னிசா, "திவால் மனு போட்டுடலாம் மலரு" என்றாள்.

"மஞ்சக் கடுதாசியா? ஏரியாவே சிரிக்குமே வக்கீலம்மா."

"சிரிக்கிறவங்க உன் வூட்டு வாடகைய கட்டுவாங்களா?"

மனு போட்டார்கள். கோர்ட்டும் அவளைத் திவாலானவள் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பேப்பரில் தன் பெயரோடு பார்த்த அன்று மட்டும் அழுதாள். மறுநாள் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

நிறுவனத்து மேனேஜர் யார்டுக்கே வந்தார். "நீ திவாலானா எங்களுக்கு என்னம்மா? உன் சம்பளத்தை எழுதிக் குடுத்துட்ட. அது எங்க சொத்து."

மலர்க்கொடி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். "செஞ்ச வேலைக்கு வந்த கூலின்னா சரி சார். நாளைக்குச் செய்யப்போற வேலை எப்டி உன் சொத்தாவும்? நான் வண்டியே ஏறலன்னா அந்தச் சம்பளம் எங்க கீது?"

ரஹீமுன்னிசா கோர்ட்டில் வாதாடியதும் இதைத்தான். நீதிபதி ஏற்றுக்கொண்டார். மனு போட்ட நாள்வரை உழைத்ததற்கு யார்டு இன்னும் தராத சம்பளம், கடன் கொடுத்த எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு உழைத்துச் சம்பாதிப்பதை அந்தப் பழைய கடிதம் கட்டுப்படுத்தாது என்றார். ஆனாலும் மூன்று வருடம், அவளால் முடிந்த இரண்டாயிரத்தை மாதாமாதம் கோர்ட் மூலம் கட்டச் சொன்னார். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாள்.

"இனிமே யாரும் உனுக்குக் கடனே தரமாட்டாங்களாமே?" என்று யார்டில் கூட வேலை பார்க்கும் மாயா கேட்டாள்.

"யாரு கேக்கப்போறா?"

போன ஜூனில், பழைய கடன்களிலிருந்து அவளுக்கு விடுதலை என்று கோர்ட் உத்தரவு வந்தது. சங்கமித்ரா படிப்பை முடித்துவிட்டாள். மலர்க்கொடி இப்போது கன்டெய்னரையே தூக்கும் பெரிய வண்டி ஓட்டும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.