ஆடியில் எடுத்த வண்டி

குரோம்பேட்டை மருத்துவமனையில் டாக்டர் என்னையும் என் தம்பியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் கணவர் வெளியே சக்கர நாற்காலியில் இருந்தார். கணையத்தில் வந்தது ஈரலுக்கும் போய்விட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். எவ்வளவு நாள் என்று தம்பி கேட்டான். "தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கதவைத் திறப்பதற்கு முன் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. "மூஞ்சிய ஒழுங்கா வச்சிக்கிட்டு வா. அவருக்குத் தெரியக் கூடாது" என்றேன். வெளியே வந்து, புது மருந்து எழுதியிருக்கிறார், கேட்கும் என்றேன். அவர் தலையாட்டினார்.

வாடகைக் காருக்காக வாசலில் நின்றோம். பெருங்களத்தூர் என்றதும் ஒருவர் வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டார். இன்னொருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கேயோ நின்றுகொண்டிருந்தார். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவார்போல என்று நான் முணுமுணுத்தேன். அப்போதுதான் என் கணவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, "ஒரு கார் வாங்கிடலாமா?" என்றார்.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். வேலையிலிருந்த காலமெல்லாம் ஸ்கூட்டர்தான். கம்பெனி ஜீப்பை ஓட்டியிருக்கிறார், சொந்தமாக ஒன்று வாங்கியதில்லை. முதலில் வீட்டுக் கடன், அப்புறம் பெண் கல்யாணம். கூட வேலை பார்த்தவர்கள் கார் வாங்கினால் ஷோரூமில் மாலை போட்ட வண்டிக்கு முன்னால் பெரிய அட்டைச் சாவியைக் குடும்பமே பிடித்துக்கொண்டு நிற்கிற படம் போனில் வரும். அதை எனக்குக் காட்டி, "அந்தச் சாவிய வச்சு எந்தக் கதவத் தொறக்கறது?" என்பார். கிண்டல்தான். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் காட்டுவார்.

புதுசா, பழசா என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. சேலையூரிலிருந்து தம்பி தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு, மாமாவுக்குப் புதுசுதான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். என்னவர் பழசு போதும் என்றார், மறுநாள் புதுசே இருக்கட்டும் என்றார். சாம்பாருக்கு என்ன காய் என்று கேட்கிற மாதிரிதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. உடம்புக்குள் எதுவும் அசையவில்லை. காலையில் எழுந்தேன், அவருக்குக் கஞ்சி வைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், சீரியல் பார்த்தேன். அந்தச் சீரியலில் யார் யாருக்கு என்ன உறவு என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

கடைசியில் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். உயரமான சீட் உள்ள வண்டியாகக் கேட்டோம், அவர் குனியாமல் ஏற வேண்டும். டை கட்டிய பையன் ஒருவன் எல்லாக் கதவையும் திறந்து காட்டினான். "எத்தனை வருஷம் வச்சிக்கப் போறீங்க சார்? அதப் பொறுத்து வாரண்டி சொல்றேன்" என்றான். அவன் தப்பாக எதுவும் கேட்கவில்லை. எல்லாரிடமும் கேட்பதுதான். தம்பி சட்டென்று டிக்கியைப் பார்க்கப் போய்விட்டான்.

"நீங்க எவ்ளோ தருவீங்க?" என்றார் என் கணவர்.

"ஏழு வருஷம் வரைக்கும் எக்ஸ்டெண்ட் பண்ணலாம் சார்."

"அதையே போடுங்க."

வெள்ளை நிறம் சொன்னார். புக் செய்தோம். வண்டி கார்த்திகை வாக்கில்தான் கைக்கு வரும், வெயிட்டிங் அதிகம் என்றான் அந்தப் பையன். கார்த்திகை என்றால் தீபாவளிக்கு அப்புறம். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "சீக்கிரம் கெடைக்க வழி பாருப்பா" என்று மட்டும் சொன்னேன்.

ஆடி பிறந்தது. ஆடியில் எங்கள் வீட்டில் நான் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டேன். தள்ளுபடியில் புடவை எடுப்பேன், அது வேறு கணக்கு. பழைய வாடகை வீட்டில் மழை ஒழுகியபோதுகூட, ஆடி முடியாமல் வேறு வீட்டுக்குப் பால் காய்ச்சமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள். ஹாலில் வாளி வைத்துக்கொண்டு, புது வீட்டுக்கும் வாடகை கட்டிக்கொண்டு மாதம் முழுக்க இருந்தோம். அவர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். "மேடம், ஒரு கஸ்டமர் ஆடின்னு சொல்லி டெலிவரி வேணாம்னுட்டார். நீங்க கேட்ட அதே மாடல், வெள்ளைதான். இந்த வாரமே எடுத்துக்கலாம். ஆனா ஆடியாச்சே, உங்களுக்கு ஓகேவா?"

"பரவால்லம்மா, நாங்க எடுத்துக்கறோம்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார். "ஆடியிலயா?"

"இப்பல்லாம் யாரு அதப் பாக்கறா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "டாக்டர் உங்கிட்ட எவ்ளோ நாள்னு சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லலைங்க."

"ஆடியில தொடப்பம் வாங்க மாட்ட நீ" என்றார்.

நான் சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு, தம்பியை மிரட்டி, பெண்ணிடம் போனில் பொய் சொல்லி மூடி வைத்ததை ஒரே ஒரு 'பரவால்ல'யில் போட்டு உடைத்துவிட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. திரும்பி வந்து, "தீபாவளி வரைக்கும்னாரு" என்றேன். அவர் "சரி" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவரே ஷோரூமுக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம், புக்கிங்கை ரத்து செய்யுங்கள் என்றார். பழைய கார் பார்க்கலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். "நான் ஆடியவே விட்டுக் கொடுத்துட்டேன். நீங்க ஆசப்பட்ட வெள்ளக் கலரு வாசலுக்கு வருது. இப்பப் போயி எவனோ ஓட்டித் தேச்ச வண்டியா?" என்று கத்தினேன். அந்த மாதங்களில் நான் உரக்கப் பேசியது அன்றைக்குத்தான். இனிமேல் செலவு எதற்கு என்று நினைத்துவிட்டார், மனசு விட்டுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தம்பிக்கு ஒரு நிம்மதி வேறு. "கை மாறுற வண்டிக்கு ஆடி பாக்கத் தேவையில்லக்கா" என்றான்.

வண்டலூர் போகிற வழியில், பழைய கார்களை வாங்கி விற்கிற ஒருவரிடம் ஆட்டோவில் போனோம். கொட்டகையில் வரிசையாக வண்டிகள் நின்றன. வியாபாரி ஒரு சின்ன சிவப்புக் காரின் மேல் தட்டினார். "ஒரே கை சார். ஒரு டீச்சரம்மா வச்சிகினு இருந்தாங்க. பம்பர்ல லைட்டா கோடு கீது, அத்தவுட்டா ஒரு பேஜாரும் இல்ல" என்றார். என் கணவர் மூச்சு வாங்க அதைச் சுற்றி வந்தார். சீட் உயரமா என்று பார்க்கவில்லை. கிளட்ச் எப்படி என்று கேட்டார்.

"யாரு சார் ஓட்டப் போறது? நீங்களா?"

"நான் இல்ல. இவங்க" என்று என்னைக் காட்டினார்.

"யக்காவா? அப்ப இதான் சார் கரீட்டு. கிளட்ச்சு பஞ்சு மாதிரி கீது."

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது கேட்டேன், என்னங்க விளையாடுறீங்களா என்று.

"புது வண்டின்னா நீ சீட்டு கவரக்கூடப் பிரிக்க மாட்ட" என்றார். "கோடு விழுந்துடும்னு எடுக்கவே மாட்ட. தொடச்சித் தொடச்சி வாசல்ல நிறுத்தி வச்சிருப்ப. இதுல ஏற்கனவே கோடு இருக்கு. இடிச்சா இடிச்சுட்டுப் போகுது. நான் கூட உக்காந்து சொல்லித் தர்ற வரைக்கும் கத்துக்க."

"நீங்க ஆசப்பட்டது?"

"நான் எதுல போனா என்ன" என்றார்.

ஆடியிலேயே அந்த வண்டி வந்தது. எல்எல்ஆர் எடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், பிளாட் போட்டு இன்னும் வீடு வராத ரோடுகளில் ஓட்டினேன். அவர் பக்கத்தில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ரெண்டாவது போடு. கண்ணாடியப் பாரு. அந்த நாய் நகந்துக்கும், நீ போ." கேட் தூணில் உரசினேன், கல்லில் ஏற்றினேன். அவர் இறங்கிப் பார்க்கவே மாட்டார். லைசென்ஸ் வந்த பிறகு குரோம்பேட்டைக்கு நானே அவரை அழைத்துப் போனேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படித்தான் அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு அட்மிட் செய்துவிட்டார்கள். தம்பி அங்கே இருந்தான். மாற்றுத்துணி எடுத்துவர என்னை அனுப்பினார்கள். நான் கீழே வந்து, வண்டியை எடுத்து, ஜிஎஸ்டி ரோட்டில் ஏறி, தாம்பரம் மேம்பாலம் இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஊருக்குப் போகிற கூட்டம். பெருங்களத்தூர் சிக்னலில் நின்றேன். இடது பக்கக் கண்ணாடியில் பஸ் வருகிறதா என்று அவரிடம் கேட்பதற்காகத் திரும்பினேன்.

பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை. இந்த வண்டியில் நான் தனியாக ஓட்டி வந்தது அன்றுதான் முதல் தடவை. வாங்கியதே இதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் அதற்கப்புறம் அந்தச் சீட்டுக்குத் திரும்பவே இல்லை.

பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "இன்னாக்கா, பச்சை வுழுந்து எம்மா நேரம் ஆவுது, நின்னுகினே கீற?"

அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து எடுத்தேன். வண்டி ஒழுங்காகப் போனது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.