பயமுறுத்தாத பேய்க்கு நான் எழுதிய விமர்சனம்

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையத்தில், நண்பன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஓர் அதிர்ச்சி கிடைத்தது. அந்த அதிர்ச்சி இன்னும் விட்டபாடில்லை.

முதலில் ஒரு கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தேழு வயதில் வீடியோ கேமா என்று முகம் சுளிப்பவர்கள் ராசிபலன் பக்கத்துக்குத் தாவிவிடலாம்... வருத்தமில்லை.

எனக்கு மிகப் பிடித்த பேய் கேம் அது. இரண்டு பாகங்கள் வந்தன. கையில் ஆயுதமே கிடையாது. ஒரே ஒரு டார்ச், அதிலும் பாதி பேட்டரி. பேய் வந்தால் அலமாரிக்குள் ஒளிந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மதிய வெயிலில் விளையாடினால்கூட, மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்!

இப்போது அதிலிருந்து ஒரு கிளைக்கதையைப் பிரித்து — ஸ்பின்-ஆஃப் என்கிறார்கள் — தனி கேமாக விட்டிருக்கிறார்கள். ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் கையில் மெஷின் கன்! பட்டப்பகல் வெளிச்சத்தில் பேய்கள் கூட்டமாக வருகின்றன. சுடு, சுடு, சுட்டுக்கொண்டே இரு. இதில் யார் யாருக்குப் பயப்படுவது?

விமர்சகர்கள் பலர் 'ஆக்‌ஷன் விறுவிறுப்பு' என்று தட்டிக்கொடுத்தார்கள். காசு கொடுத்து விளையாடியவர்களோ கிழித்துத் தொங்கவிட்டார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கேம் விற்கும் தளத்தில், புனைபெயரில், ஆங்கிலத்தில் நீளமாக ஒரு விமர்சனம் எழுதினேன். லைக் குவிந்தது. விமர்சனங்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. காலையில் பல் துலக்கும் முன் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். அற்ப சந்தோஷம்தான்... ஆனாலும் சந்தோஷம்!

இந்தச் சமயத்தில்தான் நண்பன் அர்த்தநாரி சாப்பிடக் கூப்பிட்டான். விசைத்தறி வைத்திருப்பவன். அவன் மகள் கீர்த்தனா குமாரபாளையத்தில் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள். இரண்டு வருடமாகச் சேலத்தில் ஏதோ அனிமேஷன் கம்பெனியில் வேலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முகம் வாடிக் கிடந்தாள். என்னம்மா என்றேன்.

"வேலை போயிருச்சுங்க மாமா."

என்ன வேலை பார்த்தாள் என்றே அப்போதுதான் சொன்னாள். வெளிநாட்டுக் கம்பெனியின் கேமுக்குப் பேய் செய்து கொடுக்கும் வேலை! வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்களாம். பேயின் உடம்பு, தோல், கந்தல் துணி — எல்லாம் இவளும் இன்னும் மூன்று பேரும் செய்தவை. கேமின் பெயரைச் சொன்னாள். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றது.

"நாங்க மொதல்லயே சொன்னோமுங்க. துப்பாக்கியக் குடுத்து, பேயையும் வெளிச்சத்துல நிறுத்துனா யாருங்க பயப்படுவாங்க? மீட்டிங்ல ஒருத்தரும் காதுல போட்டுக்கல. கேம் வந்தப்பறம் ஒருத்தர் ரிவ்யூ எழுதியிருந்தாரு. நான் ஒரு வருசமாக் கத்துனது அப்படியே அதுல இருந்துச்சு! எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. உடனே மேனேஜருக்கு அனுப்பிட்டேன்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன் — எனக்குப் பெருமை பொங்கியது. அதை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"அதுல கடைசியா ஒரு வரிங்க. 'இந்தப் பேயைச் செஞ்சவங்களை ஊட்டுக்கு அனுப்புங்க, அவங்களாவது பயப்படட்டும்'னு. மேனேஜரு மேலிடத்துக்கு அதைத்தான் காட்டியிருக்காரு. வெள்ளிக்கிழமை எங்க நாலு பேரையும் அனுப்பிட்டாங்க."

அதிகம் கைதட்டல் வாங்கிய வரியே அதுதான்! எழுதும்போது 'செய்தவர்கள்' என்பது எங்கோ இருக்கும் யாரோ. அந்த யாரோவுக்கு முகம் இருக்கும், அது இந்த முகமாக இருக்கும் என்று நான் கண்டேனா?

"அந்த வரியை வெட்டிட்டு அனுப்பியிருக்கலாமே கண்ணு?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

அர்த்தநாரி முந்திக்கொண்டான். "அதெப்படிப்பா? துணியில டேமேஜ் இருந்தா மடிச்சு மறைச்சா குடுக்கறோம்? விரிச்சுக் காட்டித்தான குடுக்கறோம். எம் புள்ளையும் அப்படித்தான் முழுசா அனுப்பியிருக்கா. எழுதுன அந்த வெட்டிப்பய மட்டும் எங்கையில சிக்கட்டும்!"

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். புனைபெயர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த வீட்டுச் சோற்றில் அல்லவா கை இருந்தது! "அது நான்தான்" என்றேன்.

அர்த்தநாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசமாலுமாங்க மாமா?" என்றாள் கீர்த்தனா.

"இப்பவே மொத்தத்தையும் அழிச்சிடறேம்மா..."

"வேண்டாங்க. மத்ததெல்லாம் சரியாத்தானுங்க எழுதியிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை என் சொந்தப் பெயரில் அந்தச் சேலம் கம்பெனிக்கு மெயில் போட்டேன். குறை அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை, கடைசி வரி நான் கைதட்டலுக்காக எழுதியது, அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சியிருந்தேன். ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. எல்லோருக்கும் தானாகப் போகும் பதில்...

'உங்கள் கருத்தை மிகுந்த அக்கறையுடன் எடுத்துக்கொள்கிறோம்.'

எடுத்துக்கொண்டதைத்தான் பார்த்தேனே!