மணல் வீசும் பெட்டியும் நாற்பது வெள்ளைக் கோட்டுகளும்

என் தங்கையின் கணவருக்கு எங்கள் குடும்பத்தில் 'பாத்துக்கலாம்' என்று பெயர். அவருக்கு எதிரில் யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாடிக்கு நடுவில் தொங்கும் பெட்டியின் கம்பிவடத்தை மூன்று முறை சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அதே மனிதர் தமக்கென்று ஒரு பொருளை வாங்கும்போது, அதன் குறைகளை நாம் சொல்லி முடிப்பதற்குள், "வாங்கிட்டுப் பாத்துக்கலாம் மச்சான்" என்று பேச்சை முடித்துவிடுவார். ஒரே தலைக்குள் இந்த இரண்டு பேரும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது பதினாறு ஆண்டுகளாக எனக்கு விளங்கவில்லை.

மாலை நேரங்களில் அவர் பழைய மேசை விசிறிகளைப் புதுப்பிக்கிறார். வீட்டின் பின்னறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியில் அவருடைய பட்டறை, மறுபாதியில் தங்கையின் தையல் கூடம். விசிறியின் கம்பிக்கூண்டில் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க, கூண்டு ஒன்றுக்கு நான்கு மாலைகள் ஆகும். ஆகவே மணல் வீசும் பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தார். அது ஓர் இரும்புப் பெட்டி. மேலே பார்க்கக் கண்ணாடி. முன்புறம் இரண்டு வட்ட ஓட்டைகளில் முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறைகள். அவற்றில் கைகளை நுழைத்து, பொருளை உள்ளேயே பிடித்துக்கொண்டு, குழாய் வழியாகக் காற்றோடு துகள்களைப் பீய்ச்சினால் துரு உரிந்துவிடும். மணல் என்பது பெயரளவில்தான். மணல் தூசு நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் போய்விடும் என்பதால், இதற்கென்று விற்கும் கண்ணாடித் துகளைத்தான் போட வேண்டும்.

கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று காலூன்றி நிற்பது, தூசு உறிஞ்சும் கருவியோடு சேர்ந்தது. மற்றொன்று மேசைமேல் வைப்பது, பாதி விலை. அவர் எதன் பக்கம் நடந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"தூசு வெளிய வருமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"கொஞ்சம் வரும் சார். இந்த விலைக்கு வரலைன்னாதான் சந்தேகப்படணும்."

"நாலு எடத்துல ரப்பர் ஒட்டினா முடிஞ்சுது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. சொன்னதோடு நில்லாமல், டேப்பை எடுத்துப் பெட்டியின் உட்புறத்தை நீளம், அகலம், உயரம் என்று அளந்து, கூண்டு தாராளமாகக் கொள்ளும் என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

வீட்டில் வைத்த பிறகுதான் தெரிந்தது: கூண்டு பெட்டிக்குள் கொள்ளும், பெட்டியின் கதவுக்குள் நுழையாது.

"கதவ அளந்தீங்களா?" என்றாள் தங்கை.

"உள்ள போனப்புறம் எடம் இருக்கான்னு அளந்தேன்."

"உள்ள எப்படிப் போகும்? மந்திரம் போட்டா?"

மறுநாள் பக்கத்தகட்டை அறுத்துப் புதுக்கதவு வைத்தார். கதவு வந்தது, கூடவே நான்கு புறமும் இடுக்கு வந்தது. அவரிடம் இருந்த, காற்றை அழுத்தித் தரும் சிறிய கம்ப்ரெஸர் வேறு, இருபது விநாடி வீசினால் இரண்டு நிமிடம் மூச்சு வாங்கியது. காற்றோடு ஈரம் வந்து துகள் கட்டிபட்டது. ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயில் சேர்த்தார். பெட்டிக்குள் இருட்டாக இருந்தது. விளக்குப் பட்டை ஒட்டினார். துகள் பட்டுப் பட்டுக் கண்ணாடி மங்கியது; உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மங்க மங்க உரித்தார். இவையெல்லாம் உண்மையிலேயே நல்ல திருத்தங்கள். ஆனால் அரைப் பெட்டியை வாங்கி அதை முழுப் பெட்டியாக்க ஒரு மனிதர் மூன்று மாத மாலைகளைச் செலவிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடைசியாகத் தூசுக்கு வந்தார். எல்லா இடுக்கையும் ரப்பராலும் பசையாலும் அடைத்தார். ஓர் எறும்பு நுழைய வழியில்லை. பெருமையோடு என்னை அழைத்துக் காட்டி, காற்றைத் திறந்தார். உள்ளே போன காற்று எங்கே போகும்? கையுறைகள் இரண்டும் அவர் கைகளைச் சுற்றி உப்பத் தொடங்கின. பதறிக் கைகளை உருவினார். கையுறைகள் பெட்டியிலிருந்து விரல் விரித்து வெளியே நீண்டு, அவரைப் பிடித்துத் தள்ள வருவதுபோல நின்றன. "மாப்பிள்ளை, காத்த மூடுங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் கண்ணாடியின் ஓரம் 'பட்'டென்று பிய்த்துக்கொண்டது. சாம்பல்நிறத் தூசு தடுப்புப் பலகைக்கு மேலே எழும்பி மறுபக்கம் இறங்கியது.

மறுபக்கத்தில், ஒரு மருத்துவமனைக்காகத் தைத்த வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. சனிக்கிழமை காலை நாற்பது கொடுக்க வேண்டும். அன்று திங்கள். ஆறு கோட்டுகள் எலி நிறத்துக்கு மாறியிருந்தன.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணா, நீங்களே சாட்சி" என்றாள். "வெள்ளிக்கிழமை காலைல ஒரு கோட்ட இந்தப் பெட்டி பக்கத்துல மாட்டுவேன். அவர் பத்து நிமிஷம் ஓட்டட்டும். ஒரு புள்ளி விழுந்தாலும் இந்தப் பக்கமும் என் ரூம்தான். வெட்டுற மேஜைக்கு எடம் பத்தாம நானும் எத்தன நாள் தரையில குனியறது?"

"நாலு நாள்கூட இல்லயேம்மா..." என்றார் மாப்பிள்ளை.

"பாத்துக்கலாம்ல?"

அடுத்த மூன்று மாலைகளில், முதல் முறையாக, லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். காகிதத்தில் படம் போட்டார். வீடு பெருக்கும் வாக்குவம் கருவியைச் சன்னலுக்கு வெளியே வைத்து, குழாயைப் பெட்டியில் இணைத்தார். ஓட்டியதும் கையுறைகள் இம்முறை உள்ளே இழுபட்டு, கண்ணாடியை நோக்கிக் கும்பிடு போட்டு நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும் என்று பின்புறத் தகட்டில் ஒரு துளை போட்டு, அதன் உட்புறம் தூசு திரும்பிவராதபடி சாய்வாக ஒரு தகடு வைத்தார். கையுறைகள் சாதுவாகத் தொங்கின. கருவியின் பின்னால் பறந்த மெல்லிய தூசுக்கு மட்டும் வழியில்லை. தங்கை நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பாழான ஆறு கோட்டுகளில் ஒன்றைக் கிழித்து, அந்தத் தூசு வரும் வாயில் கட்ட, நெருக்கமான தையலில் இரட்டைப் பை ஒன்றைத் தைத்து அவர் முன் போட்டாள்.

"எனக்காக இல்ல. பக்கத்து வீட்டுத் துணிக்காக" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். பெட்டிக்கு ஒரு முழத் தொலைவில் கோட்டு தொங்கியது. நான் கடிகாரம் பார்த்தேன். கம்ப்ரெஸர் மூச்சு வாங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று தங்கை முன்னமே சொல்லிவிட்டதால், பத்து நிமிடம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கடைசியில் நிறுத்தினார். கோட்டு கொக்குபோல் வெள்ளையாகத் தொங்கியது.

"மச்சான், பாத்தீங்களா!" என்று கூவி, கையுறையிலிருந்து கைகளை உருவி, கதவைத் திறந்து கூண்டை எடுத்து வைத்துவிட்டு, அதே வேகத்தில் கோட்டை இறக்கித் தங்கையிடம் நீட்டினார்.

மார்புப் பக்கத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. ரேகை வரைக்கும் தெளிவு.

நான் கூரையைப் பார்த்தேன். தங்கை கோட்டைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"பெட்டி பாஸு" என்றாள். "நீங்கதான் ஃபெயிலு."

"அப்போ ரூம்?"

"பெட்டி பாஸுன்னா ரூம் பெட்டிக்கு. நீங்க கை கழுவிட்டு மட்டும் வந்து அதப் பாத்துட்டுப் போங்க."

கறை போகவில்லை, மூன்று முறை தோய்த்துப் பார்த்தார். பாழான ஆறுக்கும் பதில் கோட்டுகளைத் தங்கை வியாழனுக்குள் தைத்திருந்தாள்; இந்த ஒன்றுக்குப் பதிலாக அன்று பிற்பகலே இன்னொன்றைத் தைத்தாள். சனிக்கிழமை நாற்பதும் போய்ச் சேர்ந்தன. விரல் பதிந்த கோட்டைத் தங்கை அவருக்கே கொடுத்துவிட்டாள். தோளில் சற்று இறுக்கம். அதை அணிந்துதான் இப்போது கூண்டுகளுக்குத் துரு எடுக்கிறார், ஒரு கூண்டுக்கு ஒரு மாலை. பெரிய கம்ப்ரெஸர் ஒன்று எங்கோ மலிவாக வருகிறதாம். என்னையும் கடைக்குக் கூப்பிட்டிருக்கிறார். டேப்பை இம்முறை நான் எடுத்துப் போகிறேன்.